ஒரத்தநாட்டுச் சத்திரமும் அதன் சொந்தக்காரரும்



தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் இருக்கும் படப்பைக்காரர்களாகிய நமக்கு வழிப்போக்கர் புதியவர் அல்லர். இன்று பேருந்தில் கடந்துபோகும் தூரத்தை அன்று கால்நடையாகவே கடந்தார்கள். இருட்டிவிட்டால் அவர்களுக்குச் சத்திரமே கதி. அத்தகைய சத்திரம் ஒன்றின் கதையை இன்று சொல்ல விரும்புகிறோம்.

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில் ஒரத்தநாடு இருக்கிறது. அங்கே 1800-களின் தொடக்கத்தில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டியவர் இரண்டாம் சரபோஜி மன்னர். முத்தாம்பாள் அவருடைய அன்புக்குரியவர். தம் பெயரால் அன்னசத்திரம் வேண்டுமென்று அவரே கேட்டதாகச் சொல்வார்கள்.

மன்னர் என்றோமே தவிர, ஆள்வதற்கு அவரிடம் நாடு இல்லை. 1799-இல் கும்பினியாரோடு செய்த உடன்படிக்கையால் ஆட்சி போயிற்று. ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. இந்நிலையில், 1801-இல் அவர் தஞ்சை ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். படையைத் திருப்பிக் கேட்டா? இல்லை. இராமேசுவரம் போகும் பாதையில் தம் முன்னோர் வைத்த சத்திரங்கள் தம் கையிலேயே இருக்கட்டும் என்று!

அங்கே நடந்ததையெல்லாம் அக்கடிதத்தில் விவரமாகச் சொல்லுகிறார். எல்லாச் சாதியாருக்கும் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் சாமானும் தனியே தரப்படும் (தீட்டுப் பார்த்த காலம் அது, அதை மறைப்பதற்கில்லை). நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூவி அழைப்பார்கள். நோயுற்றவருக்கு மருந்தும் பத்தியமும், பாம்புக்கடிக்கு வைத்தியர். அங்கே பிள்ளை பெற்ற தாய் மூன்று மாதம் தங்கலாம். அநாதைக் குழந்தைகளுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளைக்கொரு முறை எண்ணெய்க் குளியல், விரும்பிய படிப்பு. பிறகு கலியாணச் செலவும் சத்திரத்தைச் சேர்ந்தது. அரண்மனையில் இருந்தவர் எண்ணெய்க் குளியலின் கணக்கைக்கூட அறிந்திருந்தார் என்பதுதான் எங்களுக்கு வியப்பு.

கும்பினியார் இணங்கினார்கள். ஒரத்தநாட்டுச் சத்திரம் எழுந்தது அதற்குப் பின்னர்தான். சரபோஜி 1832-இல் மறைந்தார். மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறக்கவே, அரசுரிமையும் போயிற்று, சத்திரங்களும் கைமாறின. முத்தாம்பாள் சத்திரம் பிற்காலத்தில் மாணவர் விடுதியாயிற்று. வழிப்போக்கர் படுத்த திண்ணையில், வெளியூர்ப் பிள்ளைகள் பாடம் படித்தார்கள்.