ஆமதாபாத்தில் பாடிய மின்சாரம்

தமிழ்நாட்டை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் குடியேறிய நம்மவர் இல்லங்கள் பலவற்றில், பூஜை அறைக்கு அருகிலோ அலமாரித் தட்டிலோ சிறு பெட்டி ஒன்று இருக்கக் காண்கிறோம். விசையைத் தட்டியதும் இடைவிடாது ஒலிக்கும் மின்சாரச் சுருதிப்பெட்டி அது. தம்புராவை ரயிலில் பத்திரமாகக் கொண்டுவர இயலாத குடும்பங்களுக்கு அது பெரிய துணை. பாட்டு வாத்தியார் வரும் மாலை வேளைகளில், குழந்தைகள் வாய் திறப்பதற்கு முன்பே அது பாடத் தொடங்கிவிடுகிறது. அதற்குள் அதிரும் தந்தி இல்லை. ஊதும் துருத்தி இல்லை. மின்சாரமே அங்கே நாதமாகிறது.

அந்தச் சிறு பெட்டிக்குப் பெரிய உறவினர் ஒருவர் உண்டு. அலமாரி அளவுக்கு உயர்ந்து, முகமெங்கும் திருகுகளும் துளைகளுமாக நிற்பவர். ஆங்கிலத்தில் அவருக்கு மாடுலர் சிந்தசைசர் என்று பெயர். இந்த வாத்தியம் மேல்நாட்டாருக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அந்த எண்ணம் சரியன்று என்பதை எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் இவ்வாத்தியம் இயங்கும் விதத்தைப் பார்ப்போம். மின்சாரத்தை ஒரு நொடிக்கு 440 முறை அசையச் செய்து ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் நம் செவியில் ஒரு ஸ்வரம் விழுகிறது. 880 முறை அசையச் செய்தால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கிறது. இவ்வாறு அசைவை உண்டாக்கும் கூறு ஒன்று. அதன் கூர்மையைக் குறைத்து நயப்படுத்தும் வடிகட்டி மற்றொன்று. ஒலியைப் பெருக்கியும் அடக்கியும் ஆளும் பெருக்கி மூன்றாவது. இவை ஒவ்வொன்றும் தனித்தனிப் பலகையாக இருக்கும். எதை எதனுடன் இணைப்பது என்பதை வாசிப்பவரே கம்பிகளைச் செருகித் தீர்மானிக்க வேண்டும். இணைப்பு மாறினால் வாத்தியமே மாறிவிடும்.

அமெரிக்காவில் ராபர்ட் மூக் என்ற பொறியியலாளர் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசைவாணருடன் சேர்ந்து 1964-இல் இதற்கு உருவம் கொடுத்தார். அவர் வகுத்த ஏற்பாடு மிக எளியது. ஒரு வோல்ட் மின்னழுத்தம் கூடினால் ஒரு ஸ்தாயி உயரும். 12 ஸ்வரஸ்தானங்களாகப் பகுத்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 83 மில்லிவோல்ட் வருகிறது. ஆனால் அந்த 83-க்கு இடையிலும் மின்னழுத்தம் நிற்கும், அங்கிருந்து வழுக்கும், அங்கேயே அசையும்.

நம் சங்கீதம் அறிந்தவர்கள் இவ்விடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று நம்புகிறோம். 1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. கட்டைகளுக்குள் அடைபட்ட ஸ்வரம் கமகத்துக்கு இடந்தராது என்பதே அன்று சொல்லப்பட்ட முக்கியமான குறை. மின்னழுத்தத்துக்கோ கட்டைகள் தேவையில்லை. மூக் தம் வாத்தியத்துக்குக் கட்டைவரிசை செய்தார். அத்துடன், விரலை வைத்து இழுக்கும் நாடா ஒன்றையும் செய்தார். வீணைத் தந்தியை இழுத்துப் பழகிய விரலுக்கு அந்த நாடா அந்நியமாகத் தோன்றாது.

இனி ஆமதாபாத்துக்கு வருவோம். அந்நகரின் கீதா சாராபாய், பக்கவாஜ் பயின்ற இசைக் கலைஞர். 1946-இல் நியூயார்க் சென்று ஜான் கேஜ் என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளரிடம் மேல்நாட்டு இசையைக் கற்றார். பதிலுக்கு நம் நாட்டுச் சங்கீதத்தை அவருக்குக் கற்பித்தார். அந்த நட்பின் தொடர்ச்சியாகவே, 1961-இல் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1969-இல் ஒரு மூக் சிந்தசைசர் வந்து சேர்ந்தது. கேஜின் தோழரான டேவிட் டியூடர் என்பவர் நேரில் வந்து அதை நிறுவி, இயக்கவும் சொல்லிக் கொடுத்தார். அதே காலத்தில் லண்டனிலும்கூட இத்தகைய வாத்தியத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கீதா சாராபாயும் ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் 1972 வரை அங்கே அமர்ந்து புதிய இசையை நாடாக்களில் பதிவு செய்தனர். பிறகு அந்தக் கூடம் ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் உறங்கின. இந்தியாவில் இப்படியொரு முயற்சி நடந்தது என்பதையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலோர் அறியவில்லை. பால் பர்காஸ் என்ற கலைஞர் 2017-இல் அவற்றைத் தேடிக் கண்டெடுத்தார்; 2023-இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன.

மும்பையிலும் இதே கதை நடந்தது. திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982-இல் ஜூபிடர்-8 என்னும் சிந்தசைசரையும் டி.பி.-303, டி.ஆர்.-808 என்னும் சிறு யந்திரங்களையும் சேர்த்துக்கொண்டு, பத்து ராகங்களை நடனத் தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதைக் கேட்டவர் சிலரே. 2010-இல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் வியந்து திரும்பிப் பார்த்தது. அவர் 2015-இல் காலமானார். புகழ் அவரைக் கண்ணெதிரே வந்தடைந்தது என்பதே ஓர் ஆறுதல். எல்லாருக்கும் அந்தப் பேறு கிட்டுவதில்லை.

இதற்கிடையில் யந்திரங்களின் தலைவிதியும் மாறியது. 1983-இல் யமஹா டி.எக்ஸ்.-7 வந்தது. எண்களால் கணக்கிட்டு ஒலியெழுப்பும் அந்தக் கருவி, ஒருமுறை அமைத்த ஒலியை நினைவில் வைத்துக்கொள்ளும், சுருதியும் கலையாது. பழைய மூக் வகையோ வெப்பம் ஏறினால் சுருதி நழுவும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆகவே பலர் பழையதை அற்ப விலைக்குத் தள்ளிவிட்டனர்.

ஆயினும் அது மடியவில்லை. ஜெர்மனியில் டீட்டர் டோப்ஃபர் ஏ-100 என்ற வரிசையை வெளியிட்டார். பலகையின் உயரம் 128.5 மில்லிமீட்டர், அகலத்தின் அலகு 5.08 மில்லிமீட்டர். இந்த அளவைப் பிறரும் கைக்கொண்டதால் இது யூரோராக் என்ற பொது ஏற்பாடாயிற்று. ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டியில் பொருந்துகிறது. பழம் பெயர்களும் திரும்பி வந்தன. கோர்க் எம்.எஸ்.-20 சிறிய உருவில் 2013-இல் வந்தது. மினிமூக் 2016-இலும் 2022-இலும் மீண்டும் செய்யப்பட்டது.

இதில் ஆர்வம் கொண்ட பிள்ளை நம் வீட்டில் இருந்தால் என்ன செய்வது? 'படிப்பை விட்டுவிட்டு இந்தக் கம்பிகளோடு என்ன விளையாட்டு?' என்று கேட்கத்தான் தோன்றும். கேட்பதற்கு முன் அதன் பக்கத்தில் அமர்ந்து சிறிது நேரம் காது கொடுப்போமாக. பணத்தைக் கொட்ட வேண்டிய அவசியமும் இல்லை. வி.சி.வி. ராக் என்ற நிரல் 2017 முதல் கிடைக்கிறது. அதன் இலவசப் பதிப்பைக் கணிப்பொறியில் ஏற்றி, கம்பி செருகும் கலை முழுவதையும் கற்கலாம். அதன் பிறகும் ஆசை நிலைத்தால், சிறிய பெட்டியும் ஒலியெழுப்பும் பலகை ஒன்றும் வடிகட்டி ஒன்றும் பெருக்கி ஒன்றும் தொடக்கத்துக்குப் போதும். மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் கூடாது. எல்லாப் பலகைகளும் உண்ணும் மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்து, அதற்கு மேல் தரவல்லதையே வாங்க வேண்டும். பட்டைக் கம்பியின் சிவப்புக்கோடு கழித்தல் 12 வோல்ட் பக்கம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே விசையைத் தட்ட வேண்டும். மாற்றிச் செருகினால் பலகை கருகிவிடக்கூடும்.

யாவற்றிலும் முக்கியமான ஒன்றை இறுதிக்கென வைத்திருக்கிறோம். மாடுலர் வாத்தியத்தில் அமைத்த ஒலி, கம்பிகளைப் பிடுங்கியதும் மறைந்துபோகிறது. திருகு எங்கே நின்றது, எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்குக் கம்பி போயிற்று என்பது வாத்தியத்துக்கு நினைவில்லை. வாசலில் இட்ட கோலமும் அப்படித்தான், மாலைக்குள் அழிந்துவிடும். ஆனால் நம் தாய்மார் கோலநோட்டு ஒன்று வைத்திருந்தார்கள். புள்ளி எத்தனை, வரிசை எத்தனை என்று அதில் குறித்திருந்தார்கள். அதனால்தான் தஞ்சாவூர்த் தெருவின் கோலம் தில்லியின் அடுக்குமாடி வாசலிலும் மலர்கிறது.

யந்திரம் வாங்கியவர் எல்லாரும் அத்தகைய நோட்டு ஒன்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது நம் வேண்டுகோள். இணைப்பை வரைந்து வைப்போம். வாசித்ததைப் பதிவு செய்து, நாளும் பெயரும் எழுதி வைப்போம். ஆமதாபாத்தின் இசை பிழைத்தது பெரிய யந்திரத்தால் அன்று. யாரோ நாடாவைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் வந்து தேடினார். அத்தனை காலம் காத்திருக்கும் நிலை இனி எந்த இசைக்கும் நேரக்கூடாது.

சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். எதைக் கையோடு கொண்டுவந்தோமோ, எதைக் குறித்து வைத்தோமோ அதுவே நம் பிள்ளைகளுக்கு எஞ்சும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. பழைய சுருதிக்கும் இது பொருந்தும். புதிய சுருதிக்கும் இது பொருந்தும்.