காவல் நின்ற நெஞ்சம் இளைப்பாறட்டும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா என்பது கணக்குப் பார்க்கும் நாள். எத்தனை பேர் பள்ளி இறுதித் தேர்வில் வென்றனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்பதைச் செயலர் தம் அறிக்கையில் வாசித்தளித்தார். கேட்டு மகிழ்ந்தோம். ஆயினும் அறிக்கையில் ஏறாத கணக்கொன்று உண்டு. கற்றவன் நிம்மதியாக உறங்குகின்றானா? பதவி பெற்றவள் தன் நாற்காலியில் முதுகு சாய்த்து அமர்கின்றாளா? அதுபற்றியே இன்று சில சொல்ல விழைகின்றோம்.

நம்மவர் பலரிடம் சில பழக்கங்களைக் காண்கின்றோம். விடுதியில் சோறு தீர்ந்துவிடுமோ என்று அஞ்சி விரைந்து உண்ட பிள்ளை, இன்று தன் சொந்த வீட்டிலும் அவ்வாறே உண்கின்றான். எந்த ஊர் என்று எவரேனும் வினவினால், ஊர்ப்பெயரைச் சொல்லித் தெருப்பெயரை மறைக்கின்றோம். மேலதிகாரி அழைத்தால், குற்றம் ஏதும் செய்யாதபோதும் நெஞ்சு படபடக்கின்றது. நாம் செய்யும் சிறு பிழையும் நம் மக்கள் அனைவரின் பிழையாகப் பேசப்படும் என்றெண்ணி இருமடங்கு உழைக்கின்றோம். வெளியில் அடக்கிய சினத்தை வீட்டிற்குக் கொணர்ந்து பிள்ளைகள்மீது கொட்டுகின்றோம்.

இவற்றைக் கோழைத்தனம் என்று எவரும் இகழ வேண்டா. இவை நம் முன்னோரை உயிருடன் காத்த கருவிகள். எதிரே வருவோரின் முகக்குறிப்பைத் தொலைவிலேயே படிக்கக் கற்றவர் பிழைத்தனர். அவர்கள் பிழைத்ததனால் நாம் இருக்கின்றோம்.

உடலியலும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஆபத்தைக் கண்ட உயிர் எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ எவ்வாறு ஆயத்தமாகின்றது என்பதை, வால்ட்டர் கேனன் என்னும் அமெரிக்க அறிஞர் 1915 ஆம் ஆண்டிலேயே நூலாக எழுதினார். அட்ரினலின் சுரக்கின்றது, இதயம் விரைகின்றது, குருதி தசைகளை நோக்கிப் பாய்கின்றது, செரிமானம் தடைப்படுகின்றது. ஆபத்து நீங்கியதும் உடல் தணிய வேண்டும் என்பதே இயற்கையின் ஏற்பாடு. ஆனால் அவமதிப்பு நாள்தோறும் வருமாயின், உடல் எப்போது தணியும்? நீங்காத அச்சம் உறக்கத்தைக் கெடுக்கின்றது. குருதி அழுத்தத்தை உயர்த்துகின்றது. மறதியையும் எரிச்சலையும் வளர்க்கின்றது.

பட்டம் ஒன்றே இதற்கு மருந்தாகுமா? அண்ணல் அம்பேத்கர் எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்புகளை நினைவுகூர்வோம். 1901 ஆம் ஆண்டில், ஒன்பது வயதளவில், உடன்பிறந்தாருடன் தந்தையைக் காணப் பயணம் புறப்பட்டார். கையில் உணவு நிறைய இருந்தும், குடிக்கத் தண்ணீர் தருவார் இன்மையால் அச்சிறுவர்கள் பசியோடு உறங்கினர். பின்னர்க் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று, 1917 இல் பரோடா அரசுப் பணிக்கு வந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிக்கொண்டு தங்கினார். மங்கிய விளக்கொளியில், வௌவால்கள் பறக்கும் கூடத்தில், தனிமையை மறக்க நூல்களில் மூழ்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. உலகம் போற்றும் கல்வி கையில் இருந்தும், பெயரை மறைத்தே உறங்க நேர்ந்தது.

அதே மனிதர் 1927 இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் மக்களோடு இறங்கி, எல்லோரும் காண நீர் பருகினார். மும்பையில் தமக்கென வீடு கட்டியபோது நூல்களுக்கு அதில் பேரிடம் ஒதுக்கினார். வயது முதிர்ந்த பின் வயலின் பயின்றார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில், தாம் யார், தம் நெறி எது என்பதை உலகறிய உரைத்தார். பெயரை மறைத்த அறைக்கும் அந்த மேடைக்கும் இடையே 39 ஆண்டுகள். மெய்யான தன்னை அடைதல் ஒரே நாளில் நிகழ்வதன்று. போராட்டத்தின் நடுவே வயலினைக் கையில் எடுத்தவரைப் போராட்டத்தைக் கைவிட்டவர் என்று எவரும் கூறார்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அமைதி என்பது அடங்கிப்போதல் அன்று. அரசியலமைப்பின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பின்னரும், 1989 இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. ஆபத்து இன்றும் மெய்யாகவே உண்டு. ஆகவே காவலாளியை வேலையைவிட்டு நீக்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக இரவும் பகலும் நின்றவனுக்கு, ஆபத்தில்லாத இடத்திலேனும் சிறிது ஓய்வு கொடுங்கள் என்றே வேண்டுகின்றோம்.

இதில் எங்கள் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 25 ஆண்டுகளாக நாங்கள் மாணவர்க்குச் சொன்னது ஒன்றே: "நிற்காதே, ஓடு, நின்றால் பின்தங்குவாய்." மாலை வகுப்பில் பயின்ற பெண் ஒருத்தி, பணி நியமன ஆணையுடன் எங்களிடம் வந்தாள். வாழ்த்தினோம், அடுத்த தேர்வுக்கான நூல்களையும் எடுத்து நீட்டினோம். "ஐயா, இனிமேலாவது நான் கொஞ்சம் உட்காரலாமா?" என்றாள் அவள். நாற்காலியை இழுத்துப் போட்டோம். அவள் கேட்டது நாற்காலியை அன்று என்பது, அவள் சென்ற பின்னரே எங்களுக்கு விளங்கியது.

ஆகவே சில எளிய செயல்களை முன்வைக்கின்றோம். நாளுக்கு ஒருவேளை உணவையாவது அமர்ந்து, மென்று, வீட்டாரோடு பேசி உண்ணுங்கள். நெஞ்சு படபடக்கும்போது, மூச்சை இழுப்பதினும் விடுவதற்கு மிகுந்த நேரம் கொடுங்கள். இதயத்தின் விரைவு தணியக் காண்பீர்கள். மறைத்துவைத்த தெருப்பெயரை முதலில் நம்பிக்கைக்குரிய ஒரு நண்பரிடம் சொல்லிப் பழகுங்கள். எவரிடம், எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை. பிள்ளையை அடிக்கக் கை ஓங்கும்போது, இச்சினம் யாருக்குரியது என்று ஒருகணம் நினையுங்கள். உறக்கமின்மையும் நடுக்கமும் நெடுநாள் தொடருமாயின், காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதுபோல் இதற்கும் நாடுங்கள், அதில் இழிவில்லை. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில், 2022 முதல், மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கின்றது.

சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். நம் படிப்பகத்தில் வாரத்தில் ஒரு மாலை தேர்வு நூல்களை மூடிவையுங்கள். அன்று பறை ஒலிக்கட்டும், ஓவியம் தீட்டட்டும், பாட்டிமார் கதை சொல்லட்டும், விரும்பியோர் ஒன்றும் செய்யாது சும்மா அமர்ந்திருக்கட்டும். அதனால் மதிப்பெண் குறையும் என்று அஞ்ச வேண்டா. தணிந்த நெஞ்சிலேதான் கல்வி தங்கும்.

முதல் 25 ஆண்டுகளில் நம் பிள்ளைகள் எழுந்து நிற்கக் கற்றனர். வரும் 25 ஆண்டுகளில் அவர்கள் அச்சமின்றி அமரவும் கற்கட்டும். அந்தப் பெண் மீண்டும் வருவாளாயின், "உட்கார், அம்மா, வேண்டும் மட்டும் இளைப்பாறு" என்று சொல்லக் காத்திருக்கின்றோம்.