றபவுலின் சிப்பாய்கள்

போரைப் பற்றிய இலக்கியம் எந்த மொழியிலும் அரசரையும் படைத்தலைவரையுமே பெரிதும் பாடி வந்திருக்கின்றது. பரணியை எடுத்துப் பார்த்தால் வேந்தனுடைய வீரமும் அவன் ஏறிய யானையின் பெருமையும் விரிவாகப் பேசப்படும். காலாளாய்ச் சென்று களத்திலே மாண்டவனுடைய பெயரைத் தேடினாற் கிடையாது. பழந்தமிழர் நட்ட நடுகல் ஒன்றே இதற்கு ஓரளவு விலக்கு எனலாம். ஊர் ஆநிரையை மீட்கப் போய் இறந்த எளிய மறவனுக்கும் அங்கே ஒரு பெயரும் ஓர் உருவமும் கிடைத்தன. கல்லிலே உருவம் கீறி அதனருகே சில சொற்களைப் பொறித்த அம்மரபை நினைவிற் கொண்டால், படமும் சொல்லும் சேர்ந்து மாண்டவரை நினைவுகூரும் இக்காலத்து நூலொன்று நமக்கு அவ்வளவு புதுமையாகத் தோன்றாது.

அந்நூல் யப்பான் நாட்டிலே 1973ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு சித்திரக்கதை. அதனை வரைந்தவர் மிசுகி ஷிகெரு என்பவர். சித்திரக்கதை என்றதும் சிறுவர் பொழுதுபோக்கு என்று முகஞ்சுளிப்போர் உண்டு. அவர்களும் இந்நூலை இருபது பக்கம் புரட்டினால் அந்த எண்ணத்தைக் கைவிடுவர். அதன் யப்பானியத் தலைப்பு 'சோயின் கியொகுசாய் செயோ' என்பது. 'அனைவரும் மணிபோல் உடைந்து மடிவீராக' என்று அதற்குப் பொருள் கூறலாம். இது ஒரு கட்டளை. அக்கட்டளையைப் பிறப்பித்தவர் சிலர், ஏற்றவர் பலர். ஏற்றவருடைய கதையே நூல் முழுவதும்.

'கியொகுசாய்' என்னும் சொல்லை விளக்காமல் மேலே செல்ல இயலாது. முழுமை கெடாத ஓடாக இருப்பதிலும் உடைந்த மணியாக இருத்தல் மேல் என்னும் கருத்துப் பழைய சீன வரலாற்று நூலொன்றில் வருகின்றது. மானம் போற்றும் அக்கருத்தை யப்பானிய இராணுவம் தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. 1941ஆம் ஆண்டு ஜனவரியிற் படையினருக்கு வழங்கப்பட்ட ஒழுக்கக் கோவை, உயிரோடு பகைவர் கையிற் சிறைப்படும் இழிவை ஏற்கலாகாது என்று விதித்தது. 1943 மே மாதத்திலே, வடக்கே அலூசியன் தீவுகளில் ஒன்றான அட்டுவில், ஏறக்குறைய 2,500 பேரைக் கொண்ட படை இறுதித் தாக்குதலில் இறங்கி அழிந்தது. சிறைப்பட்டோர் முப்பதின்மருக்கும் குறைவு. அந்தத் தோல்வியை மக்களுக்கு அறிவிக்கவே இந்த அழகிய சொல் வெளிக்கொணரப்பட்டது. அழிவு என்பதை அழிவு என்றே சொல்லியிருந்தால், ஏன் அழிந்தனர், யார் அழித்தனர் என்ற வினாக்கள் எழுந்திருக்குமன்றோ!

மிசுகி 1922ஆம் ஆண்டு பிறந்தார். மேற்கு யப்பானிலுள்ள சக்காயிமினாத்தோ என்னும் துறைமுக ஊரில் வளர்ந்தார். சித்திரம் தீட்டுவதிலும் நன்றாக உண்டு நெடுநேரம் உறங்குவதிலும் விருப்பமுள்ள இளைஞர். இத்தகையவரை 1943ஆம் ஆண்டு இராணுவம் அழைத்தது. எக்காளம் ஊதும் பணி கொடுத்தார்கள். அவருக்கு அது ஊத வரவில்லை. வேறு பணி கேட்டபோது, வடக்கே போக விருப்பமா, தெற்கே போக விருப்பமா என்று வினவினார்கள். குளிர் பிடிக்காதாகையால் தெற்கு என்றார். அந்த ஒரு சொல் அவரை நியூ பிரித்தன் தீவிலுள்ள றபவுலுக்குக் கொண்டு சேர்த்தது.

றபவுல் இன்று பப்புவா நியூகினி நாட்டைச் சேர்ந்தது. அன்று அவுஸ்திரேலியருடைய ஆட்சியில் இருந்த அத்துறைமுகத்தை 1942 ஜனவரியில் யப்பானியர் கைப்பற்றினர். அதற்கு வழிசெய்து குண்டு வீசியது கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பற்படை. அதே நகுமோவின் படைதான் அவ்வாண்டு ஏப்பிரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மீதும், நான்கு நாட்களின்பின் திருகோணமலைமீதும் குண்டு வீசியது. மிசுகி அங்கே சேர்ந்த காலத்தில் யப்பானியருடைய கை தாழத் தொடங்கியிருந்தது. நேச நாட்டுப் படைகள் றபவுலை நேரே தாக்காமல் ஒதுக்கி விட்டு முன்னேறின. ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர், கப்பலும் உணவும் வராத தீவிலே, தாமே பயிரிட்டு உண்ணும் நிலைக்கு ஆளானார்கள்.

நூலின் முற்பாதியிற் போர் மிகக் குறைவு. பாயென் என்னுமிடத்திற்கு அனுப்பப்பட்ட ஒரு சிறு படையின் அன்றாட வாழ்வே அங்கு உண்டு. சிப்பாய்கள் மரம் வெட்டுகின்றனர், குழி தோண்டுகின்றனர், மேலாளரிடம் கன்னத்தில் அறை வாங்குகின்றனர். குற்றம் செய்தால் அறை, செய்யாவிட்டாலும் அறை. ஒருவன் பிந்தி வந்தால் வரிசை முழுவதற்கும் அறை. ஆசிரியரின் சாயலாக அமைந்த மருயாமா என்னும் சிப்பாய்க்கு எப்பொழுதும் பசி. பப்பாசிப் பழமோ வாழைப்பழமோ கண்ணிற்பட்டால் அன்று திருவிழா. அதனைப் பங்கிடுவதிலே சண்டையும் உண்டு, சிரிப்பும் உண்டு. ஒருவரையொருவர் ஏசுவதும் கேலி செய்வதும், மேலாளர் அப்பாற் சென்றதும் அவரைப்போல நடித்துக் காட்டுவதுமாகவே அவர்களுடைய நட்பு வளர்கின்றது. 'உனக்காக உயிரைக் கொடுப்பேன்' என்று எந்தச் சிப்பாயும் நூலிற் பேசக் காணோம். ஒரு வாய்ச் சோற்றில் அரைவாய் கொடுப்பதே அங்கு பெரிய காரியம்.

இவர்கள் சாகும் வகையும் புகழ்ப்பாட்டுக்கு ஏற்றதன்று. ஒருவனை ஆற்றில் முதலை இழுத்துச் செல்கின்றது. சிலரைக் காய்ச்சல் கொண்டுபோகின்றது. மற்றொருவன் கைக்குண்டை நீரில் எறிந்து மீன் பிடிக்கின்றான். மிதந்துவந்த மீன்களைக் கை கொள்ளாமல் ஒன்றை வாயிற் கவ்விக்கொள்ள, அது தொண்டைக்குள் நழுவி அவனை மூச்சடைத்துக் கொன்றுவிடுகின்றது. வாசகன் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்துகின்றான். இவர்களுடைய வீட்டாருக்கும் களத்தில் மாண்டான் என்ற செய்திதானே போயிருக்கும்!

நூலில் மனத்தை விட்டு அகலாத இடமொன்று உண்டு. யப்பானிய வழக்கப்படி மாண்டவனுடைய எலும்பில் ஒரு சிறு பகுதியாவது வீட்டாரிடம் சேர வேண்டும். உடலைத் தூக்கிவர இயலாத வேளையில் ஒரு விரலை மட்டும் வெட்டி எடுத்து, எரித்து, அவ்வெலும்பை அனுப்புவர். பகைவர் குண்டு பொழியும் நேரத்தில் ஒரு சிப்பாய் வீழ்ந்து கிடக்கின்றான். அவனைச் சுமந்துவர வழியில்லை. விரலையாவது கொண்டு வரவேண்டுமென்பது கட்டளை. தோழர்கள் நெருங்கிப் பார்க்கும்போது அவன் இன்னும் சாகவில்லை. ஆயினும் அவர்கள் மண்வெட்டியால் விரலைத் துண்டிக்கின்றார்கள். இதனை நட்பென்பதா, கொடுமையென்பதா? அவனைக் காப்பாற்ற அவர்களால் முடியாது. அவனுடைய தாய்க்கு ஏதாவது கொடுக்க முடியும். அந்த இரண்டுக்கும் நடுவே நின்ற இளைஞரின் முகங்களை ஆசிரியர் சில கோடுகளில் வரைந்து விட்டு, விளக்கம் ஒன்றும் எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றார்.

பிற்பாதியிற் கட்டளை வருகின்றது. படைக்குத் தலைவன் இருபத்தேழு வயதுடைய ஒரு மேசர். 1336ஆம் ஆண்டு மினாத்தோகாவா என்னுமிடத்தில், தோல்வி உறுதியென்று தெரிந்தும் பொருது மாண்ட குசுனொக்கி மசஷிகே என்ற பழைய வீரனை அவன் வழிபாட்டுணர்வோடு போற்றுகின்றவன். அவனைப்போலத் தானும் மடிய வேண்டுமென்பது அவனுடைய அவா. அவன் தனியே மடிந்தால் வழக்கில்லை. தன்னுடன் சில நூறு பேரையும் கூட்டிக்கொண்டு போக எண்ணுகின்றான். மலைக்காட்டுள் ஒதுங்கி நின்று நெடுங்காலம் போரிடலாமென்று கீழுள்ள அதிகாரி ஒருவர் கூறும் யோசனை அவன் செவியில் ஏறவில்லை. தாக்குதல் நடக்கின்றது. மேசர் மடிகின்றான். ஆனால் எல்லோரும் மடியவில்லை. பலர் எப்படியோ தப்பி வேறிடம் சேர்கின்றனர்.

இதன்பின் நடப்பதே நூலின் உயிர்நிலை. அப்படை முழுவதும் மாண்டதென்று றபவுலிலுள்ள தலைமையிடத்துக்கு அறிவித்தாகிவிட்டது. மாண்டோர் பட்டியலிற் சேர்ந்துவிட்ட சிப்பாய்கள் உயிரோடு திரிந்தால் ஏனைய படைகளின் உறுதி தளரும் என்று மேலிடம் கருதுகின்றது. விசாரிக்க ஓர் அதிகாரி அனுப்பப்படுகின்றான். தப்பிவந்த அதிகாரிகள் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ள வேண்டும். சிப்பாய்கள் மீண்டும் தாக்கி மடிய வேண்டும். படையின் வைத்தியர் றபவுலுக்குப் போய்த் தளபதியிடம் அவர்களுடைய உயிருக்காக மன்றாடுகின்றார். பயன் இல்லை. அவர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொள்கின்றார். உயிரைக் காப்பது தொழிலாகக் கொண்டவர் எதிர்ப்புக் காட்டத் தம் உயிரையே கொடுக்க நேர்ந்தது. நூலிலே வீரம் என்று சொல்லத் தகுந்த செயல் இது ஒன்றே.

இவற்றில் எவ்வளவு உண்மை? நூலிற் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்கு, நடந்ததே என்று மிசுகி கூறியுள்ளார். ஆனால் இறுதித் தாக்குதலில் அவர் இருக்கவில்லை. அவருடைய கதை அதற்கு முந்தியது. பத்துப் பேர் கொண்ட காவற் குழுவொன்றில் அவர் இருந்தார். விடியற்காலையிற் காவல் முடிந்தும் உடனே குடிசைக்குத் திரும்பாமல் தொலைநோக்கியிற் கிளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வேளையில் குடிசை தாக்கப்பட்டு ஏனையோர் மாண்டனர். துப்பாக்கியும் உடையும் இழந்து, கடலிலும் காட்டிலும் அலைந்து முகாமுக்கு வந்து சேர்ந்தவரை ஆறுதல் கூறி வரவேற்றாரில்லை. மற்றவரெல்லாம் மடிய நீ மட்டும் ஏன் திரும்பி வந்தாய் என்று மேலதிகாரி கடிந்தார். பின்பு மலேரியாக் காய்ச்சலிற் கிடந்தபோது குண்டுவீச்சிற் காயமுற்று இடக்கையை இழந்தார். பிற்காலத்தில் யப்பானியச் சிறுவரெல்லாம் விரும்பிய பேய்க்கதைச் சித்திரங்களையும் இந்நூலையும் அவர் ஒரு கையாலேயே வரைந்தார்.

மேலதிகாரியின் அந்த வினாவே நூலைப் பிறப்பித்தது என்று கொள்ளல் பொருந்தும். ஒரு முக்கிய இடத்தில் அவர் வரலாற்றை வேண்டுமென்றே மாற்றியிருக்கின்றார். உண்மையில் ஏறக்குறைய எண்பது பேர் உயிர் தப்பினர். நூலில் மருயாமா உட்பட ஒருவரும் தப்பவில்லை. தாம் பிழைத்திருக்கத் தம் சாயலான சிப்பாயைக் கொன்றுவிட்டார். இஃது உண்மைக்கு மாறு என்று குறை கூறுவோர் இருக்கலாம். தப்பியவன் ஒருவன் இருந்தால் வாசகன் அவனைப் பற்றிக்கொண்டு ஆறுதல் அடைவான். அந்த ஆறுதலை ஆசிரியர் கொடுக்க மறுத்தார் என்று கொள்வதே தகும். பின்னுரையில் அவர் சிப்பாயின் நிலை குதிரையினும் தாழ்ந்திருந்தது என்றும், போரைப் பற்றி வரையும்போதெல்லாம் விளங்காத சினம் ஒன்று தம்முள் எழுகின்றது என்றும் எழுதுகின்றார். அச்சினம் மாண்டவருடையது போலும் என்பது அவர் எண்ணம்.

நூலிற் குறையும் இல்லாமலில்லை. சிப்பாய்கள் பலருக்கும் ஏறத்தாழ ஒரே முகம். பெயர்களை நினைவில் வைத்தல் கடினம். தொடக்கத்தில், படையினருக்கென அமைத்த விடுதியில் அடைபட்ட பெண்கள் வருகின்றனர். அவர்கள் தம் விதியை நொந்து பாடும் பாட்டுச் சிப்பாய்களின் பாட்டாகவும் மாறி, மருயாமாவின் வாயில் இறுதிவரை வருகின்றது. பாட்டு வருகின்றது, பெண்கள் பின்னர் வரவில்லை. அவர்கள் பட்ட பெருங்கொடுமை நூலின் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றது.

தீவின் குடிகளான தொலாய் மக்களுக்கும் கதையில் இடம் சிறிதே. இது வியப்பானது, ஏனெனில் ஆசிரியர் வாழ்வில் அவர்களுக்கு இருந்த இடம் பெரிது. கையிழந்து தேறிவந்த காலத்தில் அவர் முகாமை விட்டு நழுவி அவர்களுடைய ஊருக்குப் போவார். அவர்கள் பழமும் கிழங்கும் கொடுத்தனர். தமக்குள் ஒருவராக ஏற்றுத் தோட்டமும் கொடுத்தனர். போர் முடிந்தபின் அங்கேயே தங்கிவிடலாமா என்றுகூட அவர் எண்ணினார். முதலிற் பெற்றோரைப் பார்த்துவிட்டு வா என்று ஓர் இராணுவ வைத்தியர் கூறிய அறிவுரையால் 1946இல் நாடு திரும்பினார். ஏழு ஆண்டுகளில் வருவேனென்று அவ்வூராருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. அவர்கள் அவரை மறந்திருக்கவில்லை. அப்பயணத்தின் பின்னரே இந்நூல் வந்தது. 2008இல் பிரெஞ்சிலும் 2011இல் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு, தொண்ணூற்று மூன்றாம் வயதில் ஆசிரியர் காலமானார்.

அவருடைய சித்திர முறையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். காடு, கடல், கப்பல், மழை யாவும் நிழற்படம் போல நுணுக்கமாக வரையப்பட்டிருக்கும். மனிதரோ உருண்டை மூக்கும் புள்ளிக் கண்ணுமாகக் கேலிச்சித்திரம் போலத் தோன்றுவர். உறுதியான உலகத்தின் நடுவே உறுதியில்லாத மனிதர்! நூலின் கடைசிச் சில பக்கங்களில் மட்டும் இது மாறுகின்றது. இறந்துகிடக்கும் சிப்பாய்கள் முதன்முறையாக உண்மை மனிதருக்குரிய உடலோடு, காட்டைப் போலவே நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருக்கின்றனர். அதற்கடுத்துக் குவிந்த எலும்புகள். அவற்றிலிருந்து விரலெலும்பு எடுத்து வீட்டுக்கு அனுப்ப, அருகில் தோழர் ஒருவரும் இல்லை.