விடுமுறைக்கு முந்தின நாள் வரும் புத்தகம்

(நமது சங்கத்தின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். வரிசையில் நிற்பவர்களின் பொறுமை எவ்வளவு என்று தெரியும், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நான் வளர்ந்தது கோட்டைப்பட்டினத்தில். மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் நடுவே இருக்கும் கடற்கரை ஊர். 1974 ஜனவரி 14, பொங்கலன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை நாங்கள் தஞ்சாவூர் மாவட்டக்காரர்கள். அந்த நாளில் ஊரில் புத்தகக் கடை என்று எதுவும் இல்லை. தீபாவளி மலர் அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். ஆனந்த விகடன், கல்கி, கலைமகள், அமுதசுரபி என்று மலர்கள் பல இருந்தாலும், அப்பாவின் சம்பளத்தில் வருஷத்துக்கு ஒன்றுதான். எது என்று முடிவு செய்ய வீட்டில் ஒரு வாரம் வாக்குவாதம் நடக்கும்.

மலர் வந்ததும் யாரும் படிக்க முடியாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகுதான் என்பது அப்பாவின் உத்தரவு. படங்களை மட்டும் புரட்டலாம். மறுநாள் பள்ளிக்கூடம் கிடையாது, கையில் கனமாக ஒரு புத்தகம், அதில் ஒரு கதைகூட இன்னும் படிக்கவில்லை. அந்த இரவுக்கு ஈடாக எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. சனிக்கிழமை மதியம் கணக்கு ஒரு பைசா பிசகாமல் டேலி ஆகும்போது கொஞ்சம் அப்படி இருக்கும். கொஞ்சம்தான்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் பஸ் வரவில்லை. மலர் வந்தது தீபாவளிக்கு மறுநாள் மாலை. அதே கதைகள், அதே படங்கள்தான், ஆனால் காலையில் பள்ளிக்கூடம். தம்பி அதைத் தொடவே இல்லை. பக்கத்து வீட்டு லாத்தாதான் முதலில் வாங்கிப் படித்தார். எப்போதும் எங்களுக்கு அடுத்த முறை அவருடையது, பிறகு பழுப்பு அட்டை போட்டு இன்னும் நாலு வீட்டுக்குப் போகும்.

ஐஸ்லாந்து நாட்டில் இதை ஒரு ஊர் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மற்ற பொருள்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது காகிதம் கிடைத்ததால், புத்தகம் பரிசுப் பொருளாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஒருவருக்கொருவர் புத்தகம் கொடுத்து, அன்றைக்கே படிக்க உட்கார்ந்துவிடுவார்களாம். நமக்கும் ஏற்ற மாதம் இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் தொடங்கியது, பொங்கலை ஒட்டித்தான் நடக்கிறது, பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொங்கல் விழாவில் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளுக்கு எவர்சில்வர் டப்பா பரிசு கொடுக்கிறோம். எல்லார் வீட்டுப் பரணிலும் அது அடுக்கியிருக்கிறது. என் மனைவி எங்கள் வீட்டு டப்பாவில் கடுகு போட்டிருக்கிறாள், அது வேறு. இந்த முறை அந்தத் தொகைக்குப் புத்தகம் வாங்குவோம். ஜெயித்த பிள்ளைக்கு மட்டும் போதாது, எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று. கொடுப்பது விழா மேடையில் வேண்டாம். போகிக்கு முந்தின நாள் சாயங்காலம், பள்ளி விட்டு வரும்போதே கையில் கொடுத்துவிட வேண்டும். நாள் தவறினால் தம்பி கதைதான்.

“பிள்ளைகள் போனைத்தானே பார்க்கிறார்கள்” என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பெரியவர்கள் நாமே தேர்ந்தெடுத்துத் திணித்தால் போன்தான் ஜெயிக்கும். பிள்ளைகளையே கேட்போம். பேய்க்கதை, கிரிக்கெட் என்று எழுதினாலும் அதையே வாங்குவோம். திருக்குறள் உரை மட்டும் தயவுசெய்து வேண்டாம், ஒவ்வொரு வீட்டிலும் பரிசாக வந்த நாலு இருக்கும்.

இன்னொன்று. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி சேர்கிறது. பணம் கட்டிவிட்டுக் கிளை நூலகத்தில் உறுப்பினராகாமல் இருப்பது, கணக்கு வைத்துக்கொண்டு பாஸ்புக் வாங்காமல் இருப்பதுபோல. விண்ணப்பப் படிவம் கொண்டுவந்திருக்கிறேன்.

கீழே வாட்ச்மேன் மேஜையில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பெயர், பிளாட் எண், வேண்டிய புத்தகம் மூன்றையும் அவரவர் கையெழுத்திலேயே எழுதட்டும். டிசம்பர் 31 மாலை நோட்டை எடுத்துக்கொள்வேன்.