மக்கு என்று சொல்லும் முன் ஒரு சோதனை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கல்விக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கக் கடன் கேட்டு வரும் மனுக்களில் 'ட்யூஷன் பீஸ்' என்று எழுதி வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. நாமும் கொடுக்கிறோம். ஆனால் ஒரே பிள்ளைக்கு மூன்றாவது வருஷமும் ட்யூஷன் கடன் கேட்கிறார்கள், பிள்ளைக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கவே வரவில்லை என்றால், கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். என்ன காய்ச்சல் என்று பார்க்காமல் மூன்று மாசம் மாத்திரை வாங்கிக் கொடுப்போமா?

சில பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினால் பத்து சாமானையும் ஞாபகமாக வாங்கி, மீதிச் சில்லறையைச் சரியாகக் கொண்டுவந்து தருவார்கள். கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் திணறிப்போவார்கள். நம்ம தமிழ் எழுத்தையே பாருங்கள். 'கொ' என்று எழுத கொம்பை முன்னால் போடணும், காலைப் பின்னால் போடணும்; சத்தமோ 'க'வுக்குப் பிறகுதான் வருகிறது. முதல், இரண்டாம் வகுப்பில் எல்லாப் பிள்ளையும் இதில் தடுமாறும். நாலாம், ஐந்தாம் வகுப்பிலும் அதே தடுமாற்றம் இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

இதைக் கற்றல் குறைபாடு என்கிறார்கள். வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்சியா. புதுசாக வந்த விஷயம் இல்லை. 1896-லேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். விளையாட்டிலும் புத்தியிலும் குறையில்லாத பையன், தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் எல்லாம் வாய்வழியே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவன் வாத்தியார் சொன்னாராம்.

சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நரம்பு உளவியல் மதிப்பீடு என்று பெயர் பெரிசாக இருக்கும். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, மண்டையில் ஒயரும் மாட்டமாட்டார்கள். முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிரசவம் எப்படி, எப்போது பேச ஆரம்பித்தது, வலிப்பு வந்ததா என்று தாயிடம் கேட்பார்கள். பிறகு உளவியலாளர் பிள்ளையுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்வார். வண்ணக் கட்டைகளைப் படத்தில் உள்ளது போல அடுக்கணும். எண்களைச் சொன்னால் திருப்பிச் சொல்லணும், அப்புறம் தலைகீழாகச் சொல்லணும். தாள் நிறைய எழுத்தோ எண்ணோ இருக்கும், குறிப்பிட்ட ஒன்றை மட்டும் அடித்துக்கொண்டே போகணும். ஒரு கதையை வாசிக்கணும், இன்னொன்றைக் கேட்கணும், இரண்டுக்கும் பதில் சொல்லணும். சொல்வதை எழுதுதல், பார்த்து எழுதுதல், கணக்கு எல்லாம் உண்டு. சில மணி நேரம் ஆகும், இரண்டு தடவை வரச் சொன்னாலும் சொல்வார்கள். பாஸ், பெயில் இதில் இல்லை. எது வருகிறது, எது எந்த இடத்தில் சிக்குகிறது என்பதுதான் கணக்கு. கேட்ட கதைக்கு நன்றாகப் பதில் சொல்லி, வாசித்த கதையில் தடுமாறினால் கோளாறு வாசிப்பில்தான், புத்தியில் இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

பக்கத்து ஊராட்சியில் ஒரு உறுப்பினரின் மகள், அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளியில் கடைசி பெஞ்சு, வீட்டில் 'தத்தி' என்று பெயர். மில்லுக்கு அனுப்பப் பேசி முடித்துவிட்டார்கள். குழுவில் இரண்டு பேர் கூடப் போய்ச் சோதனை செய்தோம். புத்தி வயசுக்கு ஏற்றபடி நன்றாக இருக்கிறது, எழுத்தைச் சத்தமாக மாற்றுவதுதான் மிக மெதுவாக நடக்கிறது என்று அறிக்கை வந்தது. அதைப் பார்த்த பிறகு டீச்சர் கேள்வியை வாசித்துக் காட்ட ஆரம்பித்தார், போர்டில் இருப்பதை முழுசும் எழுதச் சொல்வதை விட்டார். சிறப்பாசிரியர் எழுத்தையும் சத்தத்தையும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார். இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். மார்க்கு ஒன்றும் அள்ளிக்கொண்டு வரவில்லை. ஆனால் மில் பேச்சு நின்றுபோனது.

ஒன்று சொல்லணும். நாங்கள் பார்த்தவரை, ஆம்பிளைப் பையன் என்றால் சேட்டை தாங்காமல் யாராவது கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பெண் பிள்ளை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும், யார் கண்ணிலும் படாது.

எல்லாவற்றையும் குறைபாடு என்று முடிவு கட்டவும் கூடாது. கொரோனா காலத்தில் பள்ளி மூடி, பாடமே போய்ச் சேராத பிள்ளைகள் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளையை இங்கிலீஷில் சோதித்தால் தப்பான முடிவுதான் வரும். எந்த மொழியில் சோதனை என்று கேட்டுவிடுங்கள்.

"சர்டிபிகேட் வாங்கினால் நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாகுமே" என்கிறார்கள். அறிக்கை வேறு, சர்டிபிகேட் வேறு. அறிக்கை பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கு. சலுகை வேண்டும் என்றால்தான் சர்டிபிகேட். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. அதற்குத் தலைமையாசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், பரீட்சை நெருங்கிய பிறகு ஓடினால் கிடைக்காது.

முதலில் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் பேசுங்கள். அவர் அரசு மருத்துவமனைக்கோ முகாமுக்கோ அனுப்புவார். பிள்ளைக்கு 8 வயசு, மூன்றாம் வகுப்பு வாக்கில் பார்ப்பது நல்லது. பெரிய பிள்ளை என்றாலும் பார்க்கலாம். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகும். அதற்குச் சங்கத்திலிருந்து சிறு கடன் தர இந்தக் கூட்டத்தில் தீர்மானம் வைக்கிறோம். போகும்போது மார்க்கு அட்டையோடு, பிள்ளை தன் கையால் எழுதிய பழைய நோட்டுகளையும் எடுத்துப் போங்கள். எழுத்து எங்கே மாறுகிறது, எங்கே விடுபடுகிறது என்று அவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். வருஷக் கடைசியில் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.