வண்டி வாங்கும் முன்: டீசலா, கேஸா?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



காபி, மிளகு மூட்டையை சேலத்துக்கு இறக்கும் வாடகையிலேயே நம்ம லாபம் கரையுது. அதனால்தான் கடன் எடுத்து சொந்த லோடு வண்டி வாங்கப் பேசுகிறோம்.

கேஸ்னா அடுப்பு சிலிண்டர் இல்லீங்க. அதை வண்டியில் மாட்டுவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. நாம் சொல்வது சி.என்.ஜி. சமவெளியில் ஓட்டினால் டீசலைவிட செலவு குறையும்.

ஆனா நம்ம ரோடு 20 கொண்டை ஊசி வளைவு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே வர வர காற்று மெலிந்து எஞ்சின் இழுவை குறையும். சி.என்.ஜி.யில் வாயுவும் காற்றின் இடத்தைப் பிடிப்பதால் இன்னும் குறையும். டீசலோ மெதுவாகப் போகும்போதே நல்லா இழுக்கும். 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாங்க நம்ம 'குட்டி யானை', இரண்டு சிலிண்டர் டீசல் வண்டிதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் டீசல் வண்டி விலை ஏறிவிட்டது, அதையும் பார்க்கணும்.

இன்னொன்று. நம்ம மூட்டை இறங்கத்தான் செய்யுது. ஏறும்போது உரமும் அரிசியும்தான். அந்த எடைக்கு எது தாங்கும் என்பதே கேள்வி. எங்களுக்கு டீசல் பக்கம்தான் மனசு. இருந்தாலும் கையெழுத்துக்கு முன்னே, உர மூட்டை ஏற்றி மேலே ஓட்டிக் காட்டச் சொல்வோம். மாதம் எத்தனை நடை என்று ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்கு எழுதி வாங்க.