கரைவலையும் கடல்மொழியும்



தனுக்கோடியின் பெயரில் வடசொல் உண்டு. அங்குள்ள வாழ்வோ முழுதும் தமிழ். வடபால் பாக்கு நீரிணை, தென்பால் மன்னார் வளைகுடா, இடையே வெறும் மணல். 1964 திசம்பரில் வீசிய பெரும்புயல் ஊரையும் தொடர்வண்டியையும் வாரிச் சென்றது. குடியிருக்கத் தகாத இடமென்று அரசு அறிவித்தது. ஆயினும் மீனவர் சிலர் ஓலைக்குடில் வேய்ந்து அம்மணலை விடாது பற்றிக்கொண்டனர்.

அங்கே கரைவலை இன்னும் ஓயவில்லை. வலைக்கயிற்றின் ஒரு தலையைக் கரையில் விட்டுப் படகு கடலுள் அரைவட்டமாய் வளைந்து வலையிடும். மறுதலையோடு கரை சேரும். இருபுறமும் ஆட்கள் நின்று சீராகப் பின்வாங்கி இழுப்பர். நடுவிலுள்ள பைக்கு 'மடி' என்று பெயர். குழந்தையை ஏந்துவதும் மடி, மீனை ஏந்துவதும் மடி! எந்தப் புலவர் குழு கூடி ஆக்கிய சொல் இது? அம்மடியில் சாளையும் நெத்திலியும் காரலும் துள்ளும்.

அன்று பட்ட மீனுக்குப் புளியும் உப்பும் மிளகாயும் போதும். மிளகாய் பிற்காலத்து வந்தேறி. புளிக்குழம்போ சங்கக் குழம்பு. அகநானூற்று 60ஆம் பாட்டில், கடல்மேற் சென்ற தந்தைக்குப் பரதவர் மகள் உப்பு விற்றுப்பெற்ற நெல்லின் சோற்றில் அயிலைமீன் இட்ட புளிக்குழம்பை ஊற்றிக் கொடுக்கிறாள். 'இறா' என்னும் சொல்லும் அதே பாட்டில் உண்டு.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தது. உந்துகள் வந்தன, 'பிரான் பிரை'யும் 'பிசு பிரை'யும் வந்தன. ஈராயிரம் ஆண்டாக வாழ்ந்த இறால், தன் கரையிலேயே பெயரிழந்து நிற்கிறது!

நற்றிணை 45ஆம் பாட்டில், கடுந்தேர்ச் செல்வன் மகனை நோக்கி, சுறாவை அறுத்து உலர்த்தும் எம்மேல் புலால் நாறும், விலகி நில் என்கிறாள் தோழி. தன் தொழிலுக்கு நாணாத குரல் அது. அவள் வழிவந்தோரை அயற்பெயர் எழுதினால்தான் மீன் விலைபோகும் என்று எண்ணவைத்தவர் யார்? உண்ணப் போனவர்களே! வாங்குவோர் வாயிலுள்ள சொல்தானே பலகையில் ஏறும்?

அங்குச் செல்லும் தமிழர் இறால் என்றே கேட்கட்டும். சுறாப்புட்டு என்றே கேட்டு உண்ணட்டும். கரைவலை இழுக்கும் முதியவரிடம் மீன்பெயர், காற்றின்பெயர், வலையுறுப்பின் பெயர் யாவும் கேட்டுச் சுவடியில் எழுதி வரட்டும்.